கலோரிமீட்டர்: தமிழில் வெப்ப அளவி

'கலோர்' என்றால் இலத்தீனில் வெப்பம். 'மெட்ரான்' என்றால் கிரேக்கத்தில் அளவு. இரண்டையும் ஒட்டி, வெப்பத்தை அளக்கும் கருவிக்குக் 'கலோரிமீட்டர்' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே. அவரும் கணிதவியலாளர் லாப்லாசும் 1782-83 குளிர்காலத்தில் பயன்படுத்திய கருவியில், பொருள் வைக்கும் அறையைச் சுற்றிப் பனிக்கட்டி இருந்தது. வெளிச்சூட்டைத் தடுக்க அதற்கும் வெளியே இன்னோர் அடுக்குப் பனிக்கட்டி. உள்ளடுக்கு உருகி வடிந்த நீரை எடைபோட்டு வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் (வெப்பத்தின் அலகு) வேண்டும் என்பது இன்றைய கணக்கு. இருமொழிக் கலப்பைக் குறை சொல்லலாம் என்பதை லவாசியே 1789இல் தாமே ஒப்புக்கொண்டார். கருத்துத் தெளிவுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்.

தமிழில் சிக்கல் வேறு. 'வெப்பமானி' என்ற பெயரைத் தெர்மாமீட்டருக்குக் கொடுத்துவிட்டோம். அது அளப்பதோ வெப்பநிலையை. கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்குப் போய்ப் பாருங்கள். சாறு கொதிக்கத் தொடங்கிய பிறகு எவ்வளவு சக்கையை அடுப்பில் தள்ளினாலும், நீர் பெரும்பகுதி வற்றும் வரை வெப்பநிலை நூறு டிகிரியைச் சற்றே தாண்டி அங்கேயே நிற்கும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கே ஏறத்தாழ 2,260 ஜூல் செலவாகிறது. தெர்மாமீட்டர் காட்டாத இந்த வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமத்தின் சொல்லையே அறிவியலுக்கு எடுத்துத் தந்தவர்களை வணங்கத் தோன்றுகிறது.

வேதிவினையிலும் இதே கணக்குத்தான். திருப்பூர்ச் சாயப்பட்டறையின் பாய்லருக்கு வரும் விறகு எவ்வளவு வெப்பம் தரும் என்று அறிய, அதன் தூளில் ஒரு கிராம் அளவு எடுத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பிய எஃகுக் கலத்தில் வைத்து மின்சாரத்தால் பற்றவைக்கிறார்கள். சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை ஏறுவதிலிருந்து விடை கிடைக்கிறது. இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விறகு எரியும்போது உண்டாகும் நீராவி, மூடிய கலத்துக்குள் குளிர்ந்து மீண்டும் நீராகி, தன் உள்ளுறை வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. பாய்லரிலோ அது புகைபோக்கி வழியே போய்விடும். ஆகவே ஆய்வகம் தரும் எண்ணை அப்படியே நம்பி விறகு வாங்கினால், எதிர்பார்த்த சூடு கிடைக்காது. ஈர விறகென்றால் இன்னும் குறையும். இக்கருவியைக் 'குண்டு கலோரிமீட்டர்' என்பதைவிட 'எரிகல வெப்ப அளவி' என்பது பொருத்தம்.

'கலோரிமானி' என்ற சொல்லும் வழக்கில் இருக்கிறது. ஜூலில் அளக்கும் கருவிக்குப் பழைய அலகான கலோரியின் பெயர் எதற்கு? வெம்மை, வெயில், வெந்நீர் என்று நம்மிடம் விரிந்து கிடக்கும் சொற்குடும்பத்திலிருந்து வந்த 'வெப்ப அளவி'யே போதும். தெர்மாமீட்டரை 'வெப்பநிலைமானி' என்று முழுமையாகச் சொல்லிவிட்டால் குழப்பம் தீரும். கோவைக் கல்லூரி மாணவர் மூடியிட்ட தெர்மோகோல் கப்பில் அமிலத்தையும் காரத்தையும் கலக்கும்போது, ரெக்கார்டு நோட்டில் கப்புக்கு நேரே 'வெப்ப அளவி' என்றும், அதில் செருகிய குழாய்க்கு நேரே 'வெப்பநிலைமானி' என்றும் எழுதட்டும்.