டைமிங் லைட்டுக்கு 'நேர விளக்கு' என்று பெயர் வைக்காதீர்கள்

'சரிசெய்யக்கூடிய நேர விளக்கு'. ஒரு கருவியோடு வந்த தமிழ்க் கையேட்டில் 'அட்ஜஸ்டபிள் டைமிங் லைட்'டுக்கு இந்தப் பெயர் மறுபடியும் கண்ணில் பட்டது. இணையக் கடைகளிலும் வீடியோத் தலைப்புகளிலும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பெயர். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? மாலை ஆறு மணிக்குத் தானாக எரியும் ஏதோ ஒரு விளக்கு, கெட்டுப்போனால் ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்றுதான் நினைப்பார். பெட்ரோல் எஞ்சினில் பிளக் எப்போது தீப்பொறி விடுகிறது என்று பார்க்கும் கருவி இது என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை.

கருவி என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். இரண்டு கிளிப் பேட்டரிக்கு, மூன்றாவது கவ்வி முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைச் சுற்றி. அந்த ஒயரில் மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒரு நொடியின் மிகச் சிறிய பங்கு நேரம் மின்னும். அந்த ஒளியைக் கிராங்க் என்னும் எஞ்சினின் சுழல்தண்டு முனையில் உள்ள புல்லியின் மேல் அடித்தால், சுற்றிக்கொண்டிருக்கும் புல்லியில் உள்ள கோடு ஒரே இடத்தில் நின்றது போலத் தெரியும். பக்கத்தில் உள்ள அளவுகோலில் அது எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று படித்துக்கொள்ளலாம். பிறகு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில், அதன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் திருப்பிக் கோட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதுதான். எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை மாற்றும் வேக்குவம் குழாய் உள்ள வண்டிகள் பலவற்றில் அதைக் கழற்றி அடைத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலிங்கில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

சொற்பிறப்பு பெரிய கதை இல்லை. டைமிங் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். எரிபொருளைப் பற்றவைப்பதைச் சொல்லும் இக்னிஷன், லத்தீனில் நெருப்பைக் குறிக்கும் இக்னிஸிலிருந்து வந்தது, நம் காதில் விழும் அக்னிக்கு உறவு. விளக்குக்கு இன்னொரு பெயரான ஸ்ட்ரோப், சுழல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1832 வாக்கில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபர் செய்த சுழல் தட்டுகளோடு ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது.

இப்போது 'நேரம்' என்ற சொல்லுக்கு வருகிறேன், என் சண்டை அதோடுதான். இக்னிஷன் டைமிங்கை யாரும் நொடியில் சொல்வதில்லை. 'பத்து டிகிரி வை' என்றுதான் சொல்வார்கள். பிஸ்டன் உச்சிக்கு வர, கிராங்க் இன்னும் பத்து டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது பொறி விழ வேண்டும் என்று அர்த்தம். அதே பத்து டிகிரி, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது சுமார் 2 மில்லிநொடி. 3000 சுற்றில் அரை மில்லிநொடிக்குச் சற்று மேல். நேரம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது, கோணம் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் கையால் பிடித்துத் திருப்புவது கோணத்தை. அளவுகோலில் இருப்பது கோணம். கையேட்டில் அச்சடித்திருப்பதும் கோணம். அப்படியிருக்க, பெயரில் மட்டும் நேரத்தைக் கொண்டுவந்து நுழைத்தால் கற்றுக்கொள்ள வரும் பையன் எதை அளக்கிறோம் என்று தெரியாமலே அளப்பான்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமானதுதான். கோணத்தைத் திருகி வைக்கக் குமிழ் வைத்த டைமிங் லைட், அதாவது அந்த அட்ஜஸ்டபிள் வகை, உள்ளுக்குள் நேரத்தைத்தானே கணக்கிடுகிறது என்பார்கள். உண்மை. பொறி விழுந்ததும் உடனே மின்னாமல், குமிழில் வைத்த அளவுக்கு ஏற்பத் தாமதித்து மின்னும். குமிழைப் பத்தில் வைத்துவிட்டு, புல்லியின் உச்சிக் கோட்டைப் பூஜ்யத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் டைமிங் பத்து டிகிரி. ஆனால் அந்தத் தாமதத்தைக் கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? இரண்டு பொறிகளுக்கு இடைப்பட்ட காலம் கிராங்கின் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, என்று எடுத்துக்கொண்டு பங்கு போடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விடுகிற வண்டிகளில், அதற்கான தனி அமைப்பு விளக்கில் இல்லாவிட்டால், உண்மையான அளவைப் போல இரண்டு மடங்கு காட்டும். நேரம் கருவிக்குள்ளேயே பிறந்து கருவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, நம்மிடம் வருவது கோணம்.

'பொறி நேர விளக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். நேரத்தை விட்டுவிட்டாலும் அதில் இன்னொரு சிக்கல் உண்டு. தமிழில் பொறி என்றால் தீப்பொறி, பொறி என்றால் இயந்திரம், எலி பிடிப்பதும் பொறிதான். எஞ்சினைப் பற்றிப் பேசும் இடத்தில் பொறி என்று மொட்டையாக எழுதினால் எந்தப் பொறி என்று வாசகர் தவிக்க வேண்டும். இது போக, மின்சுற்றைத் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் எஞ்சினை நிறுத்திவைத்து, பாயிண்ட் திறக்கும் நொடியில் எரிகிற சாதாரண 12 வோல்ட் பல்பை வைத்தும் டைமிங் வைப்பார்கள். அதுவும் விளக்கு, இதுவும் விளக்கு. 'நேர விளக்கு' எதைச் சொல்கிறது?

என் பரிந்துரை: இக்னிஷன் டைமிங்குக்குத் தீப்பொறிக் கோணம். டைமிங் லைட்டுக்குத் தீப்பொறிக்கோண மின்னுவிளக்கு, குமிழ் இருந்தால் குமிழ் வைத்த தீப்பொறிக்கோண மின்னுவிளக்கு. மின்னுகிற விளக்கு என்பதும் அதிலேயே இருக்கிறது. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். பட்டறையில் யாரும் இப்படிப் பேசப் போவதில்லை, 'டைமிங் லைட்டை எடு' என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். அது தவறே இல்லை. அச்சில் தமிழ்ப் பெயர் என்று ஒன்றைப் போடுகிறவர்கள் பொருள் விளங்கும்படி போட வேண்டும், இல்லையென்றால் டைமிங் லைட் என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

'அட்ஜஸ்டபிள்' வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'சரிசெய்யக்கூடிய' என்று போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். சரிசெய்வது என்றால் பழுது பார்ப்பது என்றுதான் முதலில் படும். பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி விழுவதைச் சொல்லும் அட்வான்ஸுக்கு 'முன்னேற்றம்' என்றும் ஒருவர் போட்டிருந்தார். முந்து, பிந்து என்று பச்சைத் தமிழில் இரண்டு சொற்கள் சும்மா கிடக்கின்றன: தீப்பொறியை முந்த வை, பிந்த வை. எவ்வளவு முந்துகிறதோ அது முந்துகோணம். இதை விட்டுவிட்டு முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? டாப் டெட் சென்டர் 'மேல் இறந்த மையம்' ஆகிவிட்டது. பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்பும் இடம் அது, உச்சிநிலை என்றால் போதும். டைமிங் செயினை 'நேரச் சங்கிலி' ஆக்கியிருக்கிறார்கள். கிராங்கும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பிசகாமல் சுற்ற வைப்பது அதன் வேலை, ஆகவே இணைசுழல் சங்கிலி என்பேன்.

இதெல்லாம் சொல்லழகுக்கான சண்டை என்று நினைப்பவர்களுக்கு நான் சொன்ன அந்தக் கையேட்டிலிருந்தே ஒன்று. கோடு நின்றதுபோலத் தெரியும்போது அளவைப் படிக்கவும் என்று இருக்க வேண்டிய இடத்தில், 'புல்லி நின்றவுடன்' என்று அச்சடித்திருக்கிறார்கள். புல்லி நிற்கவில்லை. அது முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பெல்ட்டும் ஓடுகிறது. அந்த ஒளியில் ஃபேன்கூட நிற்பது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ தெரியலாம். அந்த வரியை நம்பி ஒருவர் கையை நீட்டினால் விரல் போய்விடும். மொழிபெயர்த்தவர் ஓடுகிற எஞ்சின் மேல் இந்த விளக்கை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியிட்டவர்கள் அடுத்த பதிப்பு வரை காத்திருக்காமல் அந்த ஒரு வரியையாவது உடனே மாற்ற வேண்டும்.