அப்பீல்: மேலே போய் முறையிடுவது

தண்டனை விழுந்த அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் கேட்பது, "அப்பீல் போட்டாச்சா?"

லத்தீனில் 'அப்பெல்லாரே' என்றால் ஒருவரை விளிப்பது, துணைக்கு அழைப்பது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், வெள்ளைக்காரர் கோர்ட்டுகளோடு நம்மிடம் வந்தது. பவுல் ரோமச் சக்கரவர்த்தியிடம் அப்பீல் கேட்ட இடத்தைப் பழைய தமிழ் பைபிள் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்கிறது. அழகான சொல்தான், சட்டத்துக்குத்தான் உதவாது. அபயமிடுவது என்றால் அடைக்கலம் கேட்பது. தண்டனை பெற்றவருக்கோ, சில்லறை வழக்குகள் போன்ற சில நீங்கலாக, அப்பீல் உரிமை.

'முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்' என்ற குறளில் முறை என்பது நீதி. நீதி கேட்டு நிற்பது முறையீடு. கீழே கிடைக்காததை மேலே போய்க் கேட்பது மேல்முறையீடு. இலங்கையில் புணர்ச்சி விதியை விடாமல் மேன்முறையீடு என்று எழுதுவார்கள்.

சட்டக் கல்லூரியில் பையன்கள் வழுக்கி விழுவது அப்பீலுக்கும் ரிவிஷனுக்கும் உள்ள வித்தியாசத்தில். செக் பவுன்ஸ் வழக்கில் மாஜிஸ்திரேட் தண்டிக்கிறார். செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 374ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 415. சாட்சியம் முழுவதையும் அங்கே மறுபடி எடைபோடச் சொல்லலாம். அதுவும் தள்ளுபடியானால் ஹைகோர்ட்டில் இன்னொரு அப்பீல் கிடையாது, ரிவிஷன்தான். கீழே நடந்ததில் சட்டப் பிழையோ முறைகேடோ உண்டா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் சரி. இதற்குத் தமிழ் சீராய்வு. பத்திரிகைகள் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பைத் தானே மறுபடி பார்க்கும் ரிவியூவுக்கும் அதே சொல்லைப் போட்டுக் குழப்புகின்றன. ரிவியூவுக்கு மறுஆய்வு என்பது என் வழக்கம்.

டிராஃப்டிங் வகுப்பில் மேல்முறையீட்டு மனு எழுதச் சொன்னால், முதல் காரணத்தை எல்லாரும் ஒரே அச்சில் வார்ப்பார்கள்: 'கீழமை நீதிமன்றத் தீர்ப்பு சட்டத்துக்கும், சாட்சியத்தின் எடைக்கும், வழக்கின் நிகழ்தகவுகளுக்கும் முரணானது.' நம்மூர் கோர்ட்டுகளில் தலைமுறை தலைமுறையாக ஓடும் வாசகம். எந்த வழக்குக்கும் பொருந்தும், ஆகவே எதையும் சொல்லாது. முறையீடு இரண்டாவது காரணத்தில்தான் ஆரம்பிக்கும்: 'அரசுத் தரப்பு 2ஆம் சாட்சி எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) முன்பின் பார்த்ததில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடையாள அணிவகுப்பும் நடத்தப்படவில்லை.'