மாத்திரை கசக்கிறது, தண்ணீர் இனிக்கிறது

கேரள எல்லையோரத்துப் புளியரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எடையைக் குறைப்பதற்காக டீயில் சீனியை நிறுத்திவிட்டு சாக்கரின் மாத்திரை போடுகிறாராம். எல்லை தாண்டி ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஹோட்டல்களில் தருகிற, பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்ட வெந்நீரை வீட்டிலும் காய்ச்சி, கொழுப்பு கரையட்டும் என்று வேளைக்கு இரண்டு டம்ளர் குடிக்கிறாராம். எடை அசையவில்லை. ஆனால் அவரைக் குடைவது வேறொன்று. மாத்திரையை ஒருமுறை நேரே நாக்கில் போட்டுப் பார்த்திருக்கிறார்; ஒரே கசப்பு. வாயைக் கழுவத் தண்ணீர் குடித்தால் அந்தத் தண்ணீர் இனித்திருக்கிறது. “தண்ணியில ஏது இனிப்பு?” என்று கேட்கிறார்.

எடையைப் பிறகு பார்ப்போம். இந்த இரண்டாவது கேள்வி அவ்வளவு நல்ல கேள்வி.

முதலில் இந்த இனிப்பூட்டிகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். இவற்றை யாரும் தேடிப் போகவில்லை. 1879இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களோடு வேலை செய்துகொண்டிருந்த ஃபால்பெர்க் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார், சாக்கரின் வந்தது. 1965இல் வயிற்றுப்புண் மருந்துக்கான ஆராய்ச்சியில் இருந்த ஷ்லாட்டர் விரலை நக்கியதில் அஸ்பார்டேம் வந்தது. 1976இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ், சோதிக்கச் சொன்னதை ருசிக்கச் சொன்னதாகக் காதில் வாங்கியதில் சுக்ரலோஸ் வந்தது. இன்ன பலன் வரும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று அடம்பிடிக்கிறவர்கள் இந்த மூன்றையும் ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சீனியோடு ஒப்பிட்டால் அஸ்பார்டேம் சுமார் 200 மடங்கு, சாக்கரின் சுமார் 300 மடங்கு, சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு இனிப்பு. அஸ்பார்டேமுக்குச் சீனியைப் போலவே கிராமுக்கு 4 கலோரி உண்டு. இருநூறில் ஒரு பங்கு போட்டாலே போதும் என்பதால் அது கணக்கில் வருவதில்லை. மற்ற இரண்டிலிருந்தும் உடலுக்கு ஆற்றல் கிடைப்பதில்லை.

இனி நாக்கு. சுவை மொட்டுகளில் இனிப்புக்கென்றே இருக்கும் செல்களின் மேற்பரப்பில் டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. இந்த ஜோடி பிடிபட்டது 2001இல்தான். ஒவ்வொரு புரதத்தின் வெளிப்பகுதியும், பூச்சி உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளும் ஈப்பொறிச் செடியின் இலையைப் போல இரண்டு மடல்களாக இருக்கும். நடுப்பிளவில் சீனி மூலக்கூறு உட்கார்ந்தால் மடல் மூடும். அந்த அசைவு புரதத்தின் அடிப்பகுதி வழியாகச் செல்லுக்குள் போய், அங்கே கால்சியத்தைக் கிளப்பி, நரம்பில் சமிக்ஞையாக ஏறும். சீனி இந்தப் பிளவில் தளர்வாகத்தான் பிடித்திருக்கும். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடும். ஆகவே மடல்கள் மூடியபடி இருக்க ஏராளமான மூலக்கூறுகள் வேண்டும், டம்ளருக்கு இரண்டு கரண்டி வேண்டும். அஸ்பார்டேமும் சுக்ரலோஸும் டி1ஆர்2இன் அதே பிளவில் இறுக்கமாகப் பிடிக்கின்றன. 600 மடங்கு இனிப்பு என்பதில் பெரும்பங்கு இந்தப் பிடிமானம்தான்.

பூனைக்கு டி1ஆர்2 மரபணு பழுதாகிக் கிடக்கிறது. பாயசக் கிண்ணத்தை அது நக்குவது பாலுக்காக. எலிக்கு அந்த ஜோடி உண்டு, ஆனால் பிளவின் வடிவம் கொஞ்சம் வேறு; அஸ்பார்டேம் அதற்கு இனிக்காது.

சாக்கரினிடம் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்தப் புரத ஜோடியில் அது பிடிப்பதற்கு இரண்டு இடங்கள். ஒன்றில் இறுக்கமாகப் பிடிக்கும். அங்கே உட்கார்ந்தால் இனிப்பு கிளம்பும். இன்னொன்றில் லேசாகத்தான் பிடிக்கும். அங்கே உட்கார்ந்தால் இனிப்பு அடங்கும். செறிவு குறைவாக இருக்கும்போது இறுக்கமான இடம் மட்டும் நிரம்பும். செறிவு ஏற ஏற லேசான இடமும் நிரம்பி, கிளம்பிய இனிப்பை அமுக்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாத்திரையில் பத்துப் பதினைந்து மில்லிகிராம் சாக்கரின் என்று வைத்துக்கொள்வோம். 150 மில்லி டீயில் போட்டால் அது 150 மில்லியில் பரவும். நாக்கில் போட்டால் ஏறக்குறைய ஒரு மில்லி எச்சிலில் கரையும். செறிவு 150 மடங்கு. அந்தச் செறிவில் இனிப்பு அடங்கிப்போகிறது. போதாததற்கு, கசப்பை உணரும் டாஸ்2ஆர்31, டாஸ்2ஆர்43 என்ற வேறு இரண்டு புரதங்களையும் சாக்கரின் தட்டி எழுப்புகிறது. மிஞ்சுவது கசப்பு மட்டும். இந்தக் கசப்புப் புரதங்கள் ஆளுக்கு ஆள் மரபணுவில் வேறுபடுவதால்தான், ஒரே மாத்திரை போட்ட டீயை ஒருவர் முகம் சுளித்து வைப்பார், பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் தெரியாமல் குடித்துவிடுவார்.

இப்போது ஒரு வாய் தண்ணீர். தண்ணீர் முதலில் கழுவிக்கொண்டு போவது லேசாகப் பிடித்தவற்றை. அமுக்கிய கை விலகுகிறது. இறுக்கமாகப் பிடித்தவை இன்னும் உட்கார்ந்தேதான் இருக்கின்றன, மடல் மூடியேதான் இருக்கிறது. இனிப்பு சட்டென்று பொங்கி எழுகிறது. தண்ணீரில் இனிப்பு எதுவும் இல்லை. தடை நீங்கியதைத்தான் நாக்கு இனிப்பாகச் சொல்கிறது. 2006இல் நேச்சர் இதழில் இதை விளக்கிக் கட்டுரை வந்தது; அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற இன்னொரு இனிப்பூட்டியும் இதே வித்தையைச் செய்கிறது. நான்கைந்து விநாடி நீடிக்கும் ஒரு ருசியிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தில் இரண்டு இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கும். மலையடிவாரத்து வேலிகளில் படரும் சிறுகுறிஞ்சான் கொடியின் இலை ஒன்றிரண்டை ஒரு நிமிடம் மென்று, சாற்றை நாக்கு முழுக்கப் புரட்டித் துப்பிவிடுங்கள். பிறகு சீனியை வாயில் போட்டால் மணலை மெல்வது போல இருக்கும். சாக்கரினும் சுக்ரலோஸும்கூட இனிக்காது. உப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் அப்படியே இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் டி1ஆர்3இன் அடிப்பகுதியில், செல்லின் சவ்வுக்குள் இருக்கும் பாகத்தில் போய் அடைத்துக்கொள்கின்றன. மேலே மடல் மூடினாலும் செய்தி கீழே இறங்காது. சுமார் அரை மணி நேரத்தில் ருசி திரும்பிவிடும். சீனியும் மாத்திரையும் ஒரே வாசலில்தான் தட்டுகின்றன என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் கிடையாது.

நாக்கு ஏமாறும். குடல் ஏமாறாது. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இருக்கிறது. சீனி வந்து சேர்ந்ததை இதன் வழியாக அறிந்து, வேகஸ் நரம்பு மூளைக்குச் சொல்கிறது. 2020இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஜுக்கர் குழு எலிகளில் இதைக் காட்டியது: இனிப்புச் சுவையே தெரியாத எலிகூட நாளடைவில் சீனித் தண்ணீரைத் தேடிப் போகக் கற்றுக்கொண்டது. இனிப்பூட்டி அந்த நரம்பை எழுப்பவில்லை. மாத்திரை டீ குடித்த பிறகும் ஏதோ ஒன்று குறைகிறது என்று சிலர் சொல்வதற்கு இது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சரி, எடை. நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு கரண்டி, கரண்டி 5 கிராம் என்றால் 40 கிராம் சீனி, 160 கலோரி. மாதத்துக்கு 4,800. உடல் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரி. ஆக, சீனியை அடியோடு நிறுத்தினாலும் மாதம் 600 கிராமுக்குச் சற்று மேல். அதுவும் மற்றதெல்லாம் மாறாமல் இருந்தால். புளியரை தாண்டிய டீக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி இருக்கிறதே, அது 10 கிராம் எண்ணெய் குடித்திருந்தால் எண்ணெயே 90 கலோரி. ஏத்தன்பழமும் மைதாவும் தனி. ‘சீனிதான் போடலையே’ என்று ஒன்றை எடுத்துவிட்டால் அன்றைய மிச்சம் தீர்ந்தது. சீனியை விட்டுக் கருப்பட்டிக்கும் தேனுக்கும் மாறியவர்கள் இந்த 160இல் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. கருப்பட்டியின் கலோரி கிட்டத்தட்ட சீனிதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2014இல் அமெரிக்காவில் எடைக்குறைப்புத் திட்டத்தில் இருந்த 303 பேரில், 12 வாரத்தில் டயட் பானம் குடித்தவர்கள் சுமார் 6 கிலோவும், தண்ணீர் மட்டும் குடித்தவர்கள் சுமார் 4 கிலோவும் குறைந்தார்கள். பணம் கொடுத்தது குளிர்பானத் தயாரிப்பாளர் சங்கம். 2015இல் ஈரானில் பெண்களிடம் 24 வாரம் நடத்திய ஆய்வில் தண்ணீர் குடித்தவர்கள் 8.8 கிலோ, டயட் பானம் குடித்தவர்கள் 7.6 கிலோ. பணம் கொடுத்தவர் யார் என்பதாலேயே ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால் அந்த வரியைப் படிக்காமல் தலைப்பை மட்டும் பகிர்கிறவரை நம்ப வேண்டாம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடை குறைப்பதற்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று சொன்னது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. அதற்கு ஆதாரமான நீண்டகாலத் தகவல்களில் ஒரு சிக்கல்: எடை கூடியவர்கள்தானே மாத்திரையைத் தேடிப் போகிறார்கள்? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். நம் ஊர் இனிப்பு டப்பா பானத்தில் இல்லை, டீயிலும் காபியிலும் இருக்கிறது. நீரிழிவு உள்ள இந்தியர்களிடம் டீ, காபியின் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் கொடுத்துச் சென்னையில் நடந்த 12 வார ஆய்வில் எடை சற்றே குறைந்தது, மூன்று மாத சர்க்கரை அளவு மாறவில்லை. இதையே அரசுப் பணத்தில், ஒரு வருடத்துக்கு, சாதாரண ஆட்களிடம் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

இனி வெந்நீர். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு 37 டிகிரி உடல் சூட்டில் ஏற்கனவே எண்ணெய் நிலையில்தான் இருக்கிறது. புதிதாகக் கரைவதற்கு அங்கே ஒன்றுமில்லை. குடித்த நீர் அந்தப் பக்கம் சூட்டோடு போவதும் இல்லை. ஆற்றல் கணக்கு வேண்டுமானால், அரை லிட்டர் ஐஸ் தண்ணீரை 5 டிகிரியிலிருந்து 37க்குச் சூடாக்க உடலுக்கு 16 கலோரி ஆகும். அறைச் சூட்டுத் தண்ணீருக்கு 5 கலோரி. வெந்நீருக்கு அதுவும் ஆகாது. பதிமுகம் நிறத்தைக் கொடுக்கும், காய்ச்சுவதால் கிருமி சாகும், சீனி போட்ட சர்பத்துக்குப் பதிலாகக் குடித்தால் கலோரி மிச்சம். அதற்கு மேல் அதன் தலையில் எதையும் ஏற்ற வேண்டாம். தண்ணீர் குடித்தால் உடலின் எரிப்பு வேகம் 30 சதவீதம் கூடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவது 2003இல் பெர்லினில் வந்த ஓர் ஆய்வு. பிறகு அளந்தவர்களுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

ஆனாலும் தண்ணீருக்கு ஒரு வேலை உண்டு. குறைந்த கலோரி உணவில் இருந்த 55 முதல் 75 வயதுக்காரர்கள், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு அரை லிட்டர் குடித்ததில், 12 வாரத்தில் மற்றவர்களைவிட சுமார் 2 கிலோ கூடுதலாகக் குறைந்தார்கள். இளைஞர்களின் இரைப்பை வேகமாகக் காலியாவதால் அவர்களிடம் இந்த உத்தி எடுபடுவதில்லை. அவர்களுக்கு வேறு வழி: தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் சாப்பாட்டுக்குள் போடுவது. 1999இல் பார்பரா ரோல்ஸ் என்ற அமெரிக்க உணவு ஆய்வாளர், கோழியும் அரிசியும் சேர்ந்த உணவை ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீரோடும், இன்னொரு தடவை அதே தண்ணீரை உள்ளே ஊற்றி சூப்பாகவும் கொடுத்தார். சூப் குடித்த அன்று மட்டும் அடுத்து வந்த சாப்பாடு குறைந்தது. தனியாகக் குடித்த நீர் சோற்றைத் தாண்டி இறங்கிவிடும். கலந்த நீர் இரைப்பையில் தங்கும். நமக்கு அது புதிதல்ல. அரை டம்ளர் அரிசிக்கு ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டு, தேங்காய் அதிகம் போடாத சிறுபயறு தொட்டுக்கொண்டு குடிக்கும் இராக்கஞ்சி இதே வேலையைச் செய்யும். சிறுநீரகம், இதயம் தொடர்பாகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

மாத்திரையைத் தொடர்வதென்றால் டப்பாவில் எது இருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். அஸ்பார்டேம் கொதிநிலையில் நெடுநேரம் இருந்தால் உடைந்து இனிப்பை இழக்கும். டீயை இறக்கி டம்ளரில் ஊற்றிய பிறகு போட வேண்டும், பாயசத்துக்கு உதவாது. எலுமிச்சைத் தண்ணீர் போன்ற புளிப்பில் நன்றாகவே தாங்கும். சாக்கரினும் சுக்ரலோஸும் கொதியைத் தாங்கும். சுக்ரலோஸை எண்ணெய்ப் பலகாரத்திலும் பேக்கிங்கிலும் 120 டிகிரிக்கு மேல் போட வேண்டாம், குளோரின் சேர்ந்த வேண்டாத பொருள்கள் உருவாகலாம். பாக்கெட் தூளில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள். பாக்கெட்டுக்கு மூன்று நாலு கலோரி உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் சிறுகுறிஞ்சான் தூளைத் தினமும் சாப்பிடத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். இலையை மென்று துப்பிப் பார்க்கும் சோதனைக்கு அந்தப் பயம் தேவையில்லை.