தோண்டும் முன் தூரைப் பாருங்கள்

ஊட்டிப் பக்கம் நிலம் வாங்கியவர்கள் எங்கள் நாற்றங்காலுக்கு வந்தால் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சரிவு முழுக்க வெறும் புல்லாக் கிடக்கு, என்ன மரம் வைக்கலாம்?" அந்தப் புல்லில் ஒரு தூரை, அதாவது ஒரே அடியிலிருந்து எழும் கொத்தை, கதிரோடு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். மரப்பேச்சு அப்புறம்.

நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் சோலைக்காடு பெரும்பாலும் பள்ளங்களில்தான் ஒண்டி நிற்கும். மேட்டுச் சரிவுகள் இயற்கையிலேயே புல்வெளி. வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். வெள்ளையர் காலத்தில் இதைத் தரிசு என்று எழுதிவைத்துக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் புதராக மறுபடி எழும். அதனால், உங்கள் நிலத்தில் பழைய புல்வெளி அரை சென்ட் மிஞ்சியிருந்தாலும் அதில் குழி வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எப்படி அடையாளம் காண்பது? தண்டை விரலிடையில் உருட்டுங்கள். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் அநேகமாகக் கோரை வகை. உருண்டையாகக் கணுக்களோடு இருந்தால் புல். அடுத்து அடிப்பகுதி. தண்டு தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தால் அது பெரும்பாலும் கிக்குயு புல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் மலைப்புல் பலவும் ஒரே இடத்தில் நெல்தூர் போலக் கொத்தாக நிற்கும். செம்பழுப்புக் கதிர்க்கொத்துகளுக்கு நடுவே இலை போன்ற மடல்களும் விதை நுனியில் முறுக்கிய மீசையும் இருந்தால் தெமெடா என்ற மலைப்புல்லாக இருக்கலாம். மீசைகள் ஒன்றோடொன்று பின்னி, விதை துணியில் குத்தி ஏறினால் ஊசிப்புல். கசக்கியதும் எலுமிச்சை வாசம் வந்தால் சுக்குநாறிப் புல்லின் இனம். கதிர் இல்லாத தூரை வைத்து இனப்பெயரை அடித்துச் சொல்லாதீர்கள், நாங்களும் சொல்வதில்லை.

சதுப்பு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தோடர்கள் கோயில் கூரை வேயும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல் நீலகிரியின் ஈரநிலங்களில் வளர்வது. சதுப்பை வடித்துக் காய்கறி போட்ட இடங்களில் அதற்கு வாழ வழியில்லை. வாய்க்கால் வெட்டும் முன் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

வளர்ப்பதற்கு விதையை நம்பி உட்கார வேண்டாம். பல இனங்களில் முளைப்பு மிகக் குறைவு. தூரைப் பிரித்து நடுவதே எளிது. வனத்துறை நிலத்தில் கை வைக்காமல், சொந்த நிலத்தில் செழித்த தூரின் ஓரத்தில் மட்டும் எடுங்கள், மீதி நிற்கட்டும். வேரோடு மூன்று நான்கு தண்டுகள் சேர்ந்த பிடிகளாகப் பிரித்து, இலையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, வேர் காயும் முன் நட்டுவிடுங்கள். தூரின் கழுத்து, அதாவது வேரும் தண்டும் சேரும் இடம், மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும். ஓரடி இடைவெளி போதும். தென்மேற்கு மழை பிடிக்கும் சரிவுகளில் ஜூனில் மண் நன்றாக நனைந்ததும் தொடங்கலாம். டிசம்பர் உறைபனிக்குள் வேர் பிடித்துவிடும். கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிது. அங்கே அதன் தொடக்கத்திலேயே நட்டு, பனி இறங்கும் பள்ளங்களைத் தவிர்க்க வேண்டும்.

யூரியா போடாதீர்கள். அதைத் தின்று கொழுப்பது கிக்குயுதான். முதல் இரண்டு வருடம் அதைக் கையால் பிடுங்கியே ஆக வேண்டும். ஒரு கணு மண்ணில் தங்கினாலும் திரும்ப முளைக்கும்.