வெலாசிமெட்ரி: தமிழில் எப்படிச் சொல்வது?

காற்று, நீர், தீச்சுடர் ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராய்பவர்களிடம் அடிக்கடி புழங்கும் சொல் வெலாசிமெட்ரி. முன்பாதி லத்தீன்; 'வெலாக்ஸ்' என்றால் விரைவான. பின்பாதி கிரேக்கம், 'மெட்ரான்' என்றால் அளவு. டெலிவிஷனைப் போல இதுவும் இருமொழிக் கலப்புதான்.

பாய்மம் (நீர், காற்று போல ஓடும் பொருள்) ஓரிடத்தில் எவ்வளவு விரைவாக, எந்தத் திசையில் போகிறது என்று அளப்பதே இதன் பொருள். ஓட்டத்துக்குள் கருவியை நுழைத்தால் ஓட்டமே கலைந்துவிடும். லேசர் ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை. 1964இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யேவும் கம்மின்ஸும், நீரில் மிதந்த நுண்துகள்கள் சிதறடித்த லேசர் ஒளியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு ஓட்டத்தை அளந்தார்கள். நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறுவதே டாப்ளர் விளைவு. லேசர் டாப்ளர் முறை பிறந்தது அப்படித்தான். இதையே சிலர் 'அனிமோமெட்ரி' என்பார்கள். 'அனிமோஸ்' என்றால் காற்று. ஆக, நீரை அளந்தாலும் பெயர் காற்றளவியல்!

இன்று பரவலாக இருப்பது துகள் படிம முறை (ஆங்கிலத்தில் 'பார்ட்டிகிள் இமேஜ் வெலாசிமெட்ரி'). 1984இல் ஆய்வாளர் ரொனால்ட் ஏட்ரியன் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்த ஆங்கிலப் பெயர் இருக்கிறது. ஓட்டத்தில் நுண்துகள்களைத் தூவி, லேசரைத் தகடுபோல் மெலிதாக விரித்து, அடுத்தடுத்து இரண்டு துடிப்புகளைப் பாய்ச்சிப் படமெடுப்பார்கள். 10 மைக்ரோநொடி இடைவெளியில் துகள்கள் 0.1 மி.மீ. நகர்ந்திருந்தால், அங்கே ஓட்டம் நொடிக்கு 10 மீட்டர். காற்றில் துகள்களாகத் தூவும் எண்ணெய்த் துளிகள் தீச்சுடரில் எரிந்துபோகும் என்பதால் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற, வெப்பம் தாங்கும் தூளைக் கலப்பார்கள். சுடரின் சொந்த வெளிச்சம் படத்தைக் கெடுக்காதிருக்க, லேசரின் பச்சை நிறத்தை (532 நானோமீட்டர்) மட்டும் விடும் வடிகட்டியைக் கேமராவின் முன் வைப்பார்கள்.

சரி, தமிழில்? 'வேக அளவியல்' என்று எழுதிவிடலாம்தான். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேகம் என்பது திசை சேராத அளவு. திசையும் சேர்ந்தால் திசைவேகம். இலங்கையிலோ திசை சேராதது கதி, திசை சேர்ந்தது வேகம். எனவே அங்கே 'வேக அளவியல்' சரியாகப் பொருந்தும். இங்கே 'திசைவேக அளவியல்' என்பதே சரி. இரு நாட்டு வாசகருக்கும் எழுதுவதாக இருந்தால், குழப்பத்துக்கு இடம் தராத இந்த நீளமான வடிவத்தையே நான் எடுப்பேன். கருவிக்குத் திசைவேகமானி. துகள் படிம முறையின் முழுப்பெயர் துகள் படிமத் திசைவேக அளவியல். லேசருக்குச் 'சீரொளி' என்ற நல்ல சொல் உண்டு. ஆனாலும் லேசர் ஊரறிந்த சொல்லாகிவிட்டதால் அதை அப்படியே விடலாம்.