பிளை ரேட்டிங்: சொல்லும் பொருளும்

சென்னையில் மாதவரம், மணலி, எண்ணூர்ப் பகுதிகளின் டயர்க் கடைகளில் லாரிக்கு டயர் கேட்பவர்கள், அளவைச் சொன்ன கையோடு ‘பதினாறு பிளையா, பதினெட்டு பிளையா’ என்று கேட்பதுண்டு. எண் கூடினால் டயருக்குள் அத்தனை அடுக்குகள் கூடுதலாக இருக்கின்றன என்றே அந்தக் கேள்வியைப் பலரும் புரிந்துகொள்கின்றனர். இன்றைய டயர்களில் அந்த எண் அடுக்குகளின் எண்ணிக்கை அன்று. அதன் பெயர் ‘பிளை ரேட்டிங்’; பாரவண்டிக்கு நீடித்து உழைக்கும் டயரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டிய சொல் இதுவே என்பது என் கருத்து.

‘பிளை’ என்னும் ஆங்கிலச் சொல், மடித்தலைக் குறிக்கும் ‘பிளிகாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. ஆங்கிலம் இந்த ஒரே சொல்லை நூலுக்கும், பலகைக்கும், டயருக்கும் பயன்படுத்துகிறது. தமிழோ இவற்றைப் பிரித்தே வழங்கி வந்திருக்கிறது. முறுக்கிய நூலிலும் கயிற்றிலும் இருப்பது புரி. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பது அடுக்கு. டயருக்குள் இருப்பது, இழைகளை வரிசையாகப் பரப்பி இரப்பரில் பதித்த விரிப்பு. ஆகவே டயரின் பிளைக்கு ‘அடுக்கு’ என்பதே பொருந்தும். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. சிக்கல் ‘ரேட்டிங்’ என்னும் அடுத்த சொல்லில்தான் இருக்கிறது.

டயரின் உடல் பருத்தி இழையால் செய்யப்பட்ட காலத்தில் அடுக்குகளை எண்ணினாலே வலிமை தெரிந்துவிடும். பின்னர் ரேயானும், அதன்பின் நைலானும் வந்தபோது, பருத்தியின் பல அடுக்குகள் தந்த வலிமையைச் சில அடுக்குகளே தந்தன. ஆனால் வாங்குபவர்கள் பழைய எண்ணுக்குப் பழகியிருந்தனர். எனவே ‘இத்தனை பருத்தி அடுக்குகளுக்கு நிகரான வலிமை உடையது’ என்னும் பொருளில் அந்த எண்ணையே தொடர்ந்து பொறித்தனர். 1946இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பு (உடலின் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காகச் செல்லும் அமைப்பு), சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே எஞ்சியிருந்த தொடர்பையும் அறுத்துவிட்டது. முழுதும் எஃகு இழையால் ஆன லாரி ரேடியல் டயரின் உடலில் இருப்பது ஒரே ஓர் எஃகு அடுக்குதான். ஓடுபரப்பின் அடியில் சில எஃகுப் பட்டைகள் சுற்றியிருக்கும். அப்படிப்பட்ட டயரின் பக்கவாட்டிலும் ‘16 பி.ஆர்.’ (பிளை ரேட்டிங் என்பதன் சுருக்கம்) என்று பொறித்திருப்பதைக் காணலாம்.

அப்படியானால் அந்த எண் எதைச் சொல்கிறது? பாரத்தைச் சுமப்பது டயருக்குள் அடைக்கப்பட்ட காற்று. அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அடுக்கு. இந்த எண் உயர்ந்த டயர் கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். அதனால் கூடுதல் பாரத்தையும் ஏற்கும். உயர்ந்த எண்ணுள்ள டயரை வாங்கிவிட்டுக் காற்றைக் குறைவாக அடித்து ஓட்டினால், கொடுத்த விலைக்கு எந்தப் பயனும் இல்லை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைந்து சூடேறும். சென்னையின் சித்திரை, வைகாசி வெயிலில் பாரத்தோடு ஓடும்போது, அந்தச் சூடே அடுக்கையும் இரப்பரையும் பிரித்துவிடும்.

பாரத்தைக் கிலோவாகவே அறிய வேண்டுமென்றால் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியெண்ணைப் பார்க்க வேண்டும். ‘146/143 கே’ என்றிருந்தால், ஒற்றையாகப் பூட்டும்போது ஒரு டயர் 3,000 கிலோவும், இரட்டையாக (அச்சின் ஒரு பக்கத்தில் இரண்டு டயர்களை அருகருகே) பூட்டும்போது 2,725 கிலோவும் தாங்கும்; ‘கே’ என்பது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கும். நான்கு டயர் பூட்டிய பின் அச்சில் இது 10,900 கிலோ ஆகும். 2018 ஜூலையில் நடுவண் அரசு இத்தகைய ஒற்றை அச்சின் எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பழைய வரம்புக்குப் போதுமானதாக இருந்த இந்த டயர், புதிய வரம்பு முழுவதற்கும் போதாது. இரட்டைப் பூட்டில் 145 என்னும் குறியெண் உடைய டயர்தான் (ஒன்றுக்கு 2,900 கிலோ, நான்குக்கு 11,600 கிலோ) அதற்கு ஈடுகொடுக்கும். ‘பதினாறு பிளை’ என்னும் வழக்கு இந்தக் கணக்கை வாங்குபவருக்குக் காட்டுவதில்லை என்பதுதான் என் மனக்குறை.

டயர் எங்கே ஓடப்போகிறது என்பதையும் இந்த எண் சொல்லாது. கல் குவாரிக்குச் செல்லும் டிப்பருக்குப் பக்கவாட்டில் கல் கிழிக்காமல் இருப்பது முதன்மையானது. அங்கே பல அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக அமைந்த நைலான் டயர் நன்கு தாக்குப்பிடிக்கும். துறைமுகத்திலிருந்து நெடுஞ்சாலையில் வெகுதொலைவு செல்லும் கன்டெய்னர் டிரெய்லருக்கு, குறைவாகச் சூடேறி மெதுவாகத் தேயும் ரேடியலே ஏற்றது. இரண்டிலும் ஒரே பி.ஆர். எண் இருக்கக்கூடும்.

இனித் தமிழ்ச்சொல். ‘அடுக்கு எண்ணிக்கை’ என்பது பிழை. மேலே விளக்கிய மயக்கத்தையே அது நிலைநிறுத்தும். ‘அடுக்கு மதிப்பீடு’ சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தாலும், இல்லாத அடுக்கை நோக்கியே கருத்தைத் திருப்புகிறது. டயர் எவ்வளவு தாங்கும் என்பதுதான் பொருள் என்பதால் ‘தாங்குதரம்’ என்பதை நான் முன்வைக்கிறேன். வினைத்தொகை ஆதலால் இடையில் ஒற்று மிகாது. ‘பின் அச்சுக்குத் தாங்குதரம் 16 உள்ள ரேடியல் டயர் நான்கு’ என்று விலைப்பட்டியலில் எழுதினால் பொருள் மயங்காது. ஒட்டுப்பலகைக்கு (பிளைவுட்) இச்சொல்லைக் கொண்டுசெல்லக் கூடாது. அங்கே பிளை என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய அடுக்கையே குறிப்பதால், ‘ஐந்தடுக்குப் பலகை’ என்பதே சரியான வழக்கு.