பெர்ரியில் கார் சோதனை: ‘மாட்டேன்’ என்று எப்போது சொல்லலாம்?

அமெரிக்காவில் காரோடு பெர்ரி, அதாவது காரையும் ஏற்றிச் செல்லும் படகு, ஏறப் போகிறவர்களுக்கு இது. வரிசையில் நிற்கும்போது ‘டிக்கியைத் திறங்க’ என்பார்கள். ஏன் என்று கேட்டால், பதிலுக்கு அங்கிருக்கும் அறிவிப்புப் பலகையைக் காட்டுவார்கள்.

2002-இல் வந்த கடல் போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. 150 பேருக்கு மேல் ஏற்ற அனுமதியுள்ள படகுகளுக்குக் கோஸ்ட் கார்டு (அமெரிக்கக் கடலோரக் காவல் படை) விதிகள் பொருந்தும். ஷாம்ப்ளேன் ஏரிப் படகில் நடந்த சோதனையை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் 2006-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதனால் படகுத்துறையில் நின்று ‘வாரண்ட் எங்கே?’ என்று வாதாடிப் பயனில்லை.

பலகையைப் படியுங்கள். படகில் ஏறினாலே சோதனைக்குச் சம்மதித்ததாகக் கணக்கு. மறுத்தால் ஏற்ற மாட்டார்கள். ஆகவே மறுப்பதென்றால் ஏறும் முன்பே, வரிசையிலேயே சொல்லிவிடுங்கள்: ‘சோதனை வேண்டாம், திரும்பிப் போகிறேன்.’ பாதி ஏறிவிட்டுத் தகராறு செய்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். இரவல் காரா? டிக்கியில் என்ன கிடக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தேடுவது வெடிகுண்டை, ஆனால் கண்ணில் பட்ட வேறெதையும் பார்க்காத மாதிரி விட்டுவிட மாட்டார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கஞ்சாவைக் கடையில் விற்கிறார்களே என்ற தைரியம் தண்ணீரில் செல்லாது. அங்கே கோஸ்ட் கார்டு பார்ப்பது மத்தியச் சட்டத்தை, அதில் கஞ்சாவுக்குத் தடை.

நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இன்னொன்றில். ‘உள்ளூர்ப் பயணம்தானே’ என்று காகிதங்களை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். 2008-இல் வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸ் படகுத்துறையில், அதே மாநிலத்துச் சான் ஹுவான் தீவுகளிலிருந்து உள்நாட்டுப் படகில் வந்தவர்களையே எல்லைக் காவல் படை நிறுத்திக் குடியுரிமை கேட்டது. இதற்கும் டிக்கிச் சோதனைக்கும் சம்பந்தமில்லை, கேட்கும் அரசுத் துறையே வேறு. குடியுரிமை இல்லாத, 18 வயது தாண்டிய ஒவ்வொருவரும் கிரீன் கார்டையோ ஐ-94 என்ற நாட்டுக்குள் வந்த பதிவையோ கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

சோதனையில் பொருள் உடைந்தால் அலைச்சல் ஆரம்பம். படகு ஊழியர் போலீஸைக் காட்டுவார், போலீஸ் கோஸ்ட் கார்டைக் காட்டும். அதனால் இடத்தை விட்டு நகரும் முன் திறந்தது ஊழியரா போலீஸா, பெயர், பேட்ஜ் எண், நேரம், வரிசை எண் எல்லாவற்றையும் எழுதி, உடைந்ததைப் படம் எடுத்துவிடுங்கள். வாஷிங்டன் மாநிலப் படகானாலும், அங்கே நிற்கும் மாநில ரோந்துப் போலீஸானாலும் நஷ்ட ஈட்டு மனு போக வேண்டியது ஒரே இடத்துக்கு: மாநில ரிஸ்க் மேனேஜ்மென்ட் அலுவலகம். கவுன்ட்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது மனு ஆகாது. படிவம் கொடுத்து 60 நாள் கழிந்தால்தான் வழக்கே போட முடியும்.